முதலிடத்துக்கு ஏலம் கேட்கும் முன் லாபக் கணக்கைப் பாருங்கள்



மரக்காணம் உப்பளக் கரையில் நாற்பது ஆண்டுகளாக மளிகையும் கல்லுப்பும் மொத்த வியாபாரம் செய்து வருகிறவன் நான். பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். கம்ப்யூட்டர் விளம்பரத்தைப் பற்றி இவர் எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். நான் விட்ட பணம்தான் என்னை எழுத வைக்கிறது.

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பார்கள். எனக்கு மழை வேறு திசையிலிருந்து வந்தது. விளம்பரம் போட்டுத் தருவதாக ஒரு தரகர் கடைக்கு வந்தார். "உப்பு என்று கூகுளில் தேடினால் உங்கள் கடைதான் முதலில் நிற்கும்" என்றார். சொன்னபடியே நின்றது. இருபதே நாளில் பதினோராயிரம் ரூபாய் கரைந்தது. பேரன் உட்கார்ந்து கணக்கைப் பிரித்துக் காட்டினான். ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைப்பது எப்படி என்று தேடியவர், வடநாட்டில் பாறை உப்பு விளக்கு தேடியவர், இப்படிப் பலர் என் விளம்பரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மூட்டைகூட நகரவில்லை. முதலிடம் கிடைத்தது, வியாபாரம் கிடைக்கவில்லை.

நமக்குத் தெரிந்த ஏலம்தான்

கூகுளில் ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் ஒவ்வொரு முறையும், கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. அந்தச் சொல்லுக்கு "ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வரை தருகிறேன்" என்று கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்த தொகைதான் கேள்வித்தொகை. விளம்பரம் கண்ணில் பட்டால் காசு இல்லை; தொட்டால்தான் காசு.

இந்த முறையை 1998இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தம் கோடூ நிறுவனத்தில் தொடங்கினார். அதிகம் கேட்டவர் முதலில். கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். கூகுள் 2002இல் இதை மாற்றியது. எவர் விளம்பரத்தை மக்கள் அதிகம் தொடுகிறார்களோ, அவருக்கும் மதிப்பு உண்டு என்றது. மேலும், தனக்கு அடுத்து நிற்பவரைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கட்டினால் போதும் என்றது. நம் குப்பத்துக் கரையில் மீன் ஏலத்தைப் பாருங்கள். மனத்தில் ஐயாயிரம் வரை வைத்திருப்பவர், எதிராளி மூவாயிரத்தில் நின்றுவிட்டால் அதற்குச் சற்று மேலே முடித்துக்கொள்வார். அதே கதைதான் இது.

எளிதாகப் புரிய ஒரு கணக்கு. ஒரு கடை 20 ரூபாய் கேட்கிறது. அதன் தர மதிப்பு 4. பெருக்கினால் 80. இரண்டாவது கடை 12 ரூபாய்தான் கேட்கிறது. தர மதிப்பு 8. பெருக்கினால் 96. மூன்றாவது கடை 10 ரூபாய், தரம் 6, ஆக 60. முதலிடம் 12 ரூபாய்க்காரருக்கு! அவர் கட்டுவது 80ஐ 8ஆல் வகுத்த 10 ரூபாயும் சில காசும். 20 ரூபாய் கேட்டவர் இரண்டாமிடத்தில் நின்று, 60ஐ 4ஆல் வகுத்த 15 ரூபாயும் சில காசும் கட்டுகிறார். நிஜ ஏலத்தில் இன்னும் சில அம்சங்களும் குறைந்தபட்ச விலையும் சேரும். ஆனாலும் அடிப்படை இதுதான். விளம்பரம் தேடியவருக்குப் பொருத்தமாக இருப்பதும், தொட்டதும் திறக்கும் பக்கத்தில் சொன்ன சரக்கும் விலையும் இருப்பதும்தான் இங்கே தரம்.

மேலே ஏற என்ன விலை?

ஓர் ஆர்டருக்கு நமக்கு நிற்கும் லாபம் 200 ரூபாய் என்று வைப்போம். நூறு கிளிக்கில் நான்கு பேர் வாங்கினால் லாபம் 800. அப்படியானால் ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நஷ்டம். இதுதான் நம் எல்லைக்கோடு.

இரண்டாமிடத்தில் 6 ரூபாய் வீதம் 100 கிளிக் வருகிறது. செலவு 600, கையில் 200. முதலிடத்துக்கு ஏறினால் 9 ரூபாய் வீதம் 130 கிளிக், செலவு 1,170. லாபமோ 1,040தான். கூடுதலாக வந்த 30 கிளிக்குக்கு 570 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 19 ரூபாய் கொடுத்திருக்கிறோம்! மேலே நின்றால் வாங்குபவர் விகிதமும் கூடுமே என்று கேட்கலாம். இடத்தைப் பொறுத்து அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை என்று கூகுளின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஹால் வேரியன் 2009இலேயே எழுதிவிட்டார்.

நம் பெயரை அடுத்தவர் ஏலம் கேட்டால்?

இந்தப் பிரச்சினை சென்னையிலேயே நீதிமன்றம் ஏறியது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம், தன் பெயர்ச் சொற்களைப் போட்டியாளர்கள் தேடுசொல்லாக ஏலம் எடுப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. "தமிழ்", "மேட்ரிமோனி" போன்றவை பொதுவான, விவரிக்கும் சொற்கள் என்பது முக்கியக் காரணம். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கில், பதிவு பெற்ற பெயரைத் தேடுசொல்லாக்குவது மட்டுமே குற்றமாகாது. வாடிக்கையாளரைக் குழப்பினால் குற்றமாகலாம் என்றது.

நமக்குப் பாடம் என்ன? "மரக்காணம் உப்புக் கடை" என்ற பெயரைத் தனிச் சொத்தாகக் காப்பாற்றுவது கடினம். தனித்துவமான பெயர் வைத்து, அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பெயரை அடுத்தவர் விளம்பர வாசகத்தில் போட்டால் கூகுளிடம் புகார் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

முதலில், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியுங்கள். அதற்குக் காசு இல்லை. விளம்பரம் போட்டால், சரக்கு அனுப்ப முடிந்த ஊர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். திண்டிவனம், புதுச்சேரி போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். "உப்பு" என்று பொதுவாகக் கேட்காமல், "கல்லுப்பு மூட்டை மொத்த விலை" என்று குறிப்பாகக் கேளுங்கள். "விளக்கு", "ரத்தக் கொதிப்பு" போன்றவற்றை விலக்குச் சொற்களாகச் சேருங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டினாலும் ஒரு நாளில் இரு மடங்கு வரை போகலாம். மாதக் கணக்கில்தான் சரியாகும். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி திரும்ப வராது என்பதால் அதையும் செலவில் சேருங்கள். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தரகர் கையில் விடாதீர்கள்.

இப்போது என் விளம்பரம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. மூட்டை நகர்கிறது. ஏலத்தில் தோற்றுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கில்லை. நம் எல்லை தெரிந்து கையை இறக்குகிறவனும் வியாபாரிதான்.

கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு ஏலம் கேட்போம்!