உங்களுக்குத் தெரியுமா? இறக்கை நுனியில் ஒரு திசைகாட்டி

அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தம் கையாலேயே செய்து விமானம் கட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள், புவியின் காந்தப்புலத்தை அளந்து விமானத்தின் மூக்கு எத்திசை நோக்கியிருக்கிறது என்று கூறும் உணரியான காந்தமானியை, விமானியின் அறையில் வைக்காமல் பெரும்பாலும் இறக்கை நுனியிலோ வால் பக்கத்திலோ பொருத்துகின்றனர். புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு, அதாவது தரைக்கு இணையான பகுதி, அந்நாட்டில் ஏறத்தாழ 20 மைக்ரோடெஸ்லா மட்டுமே. 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும் ஒற்றைக் கம்பியோ 10 சென்டிமீட்டர் தொலைவில் 10 மைக்ரோடெஸ்லா புலத்தை எழுப்புவதால், அப்புலம் புவிப் புலத்துக்குக் குறுக்காக அமைந்துவிட்டால் காட்டும் திசை 25 பாகைக்கு மேல் பிறழும். இறக்கை நுனியிலும் விளக்குக் கம்பிகள் உண்டு என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. ஆனால் மின்னோட்டம் போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், எதிரெதிரான இரு புலங்களும் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உணரியைத் தாங்கும் சட்டத்துக்கு அலுமினியமும் திருகுகளுக்குப் பித்தளையும் தகும். அருகிலுள்ள சாதாரண எஃகுத் திருகு ஒன்றே அளவீட்டைக் கெடுத்துவிடக்கூடும். நிலையான இரும்புப் பாகங்களால் வரும் பிழையை, விமானத்தைத் தரையில் முழுச் சுற்றாகத் திருப்பிச் செய்யும் அளவுத்திருத்தத்தால் பெரிதும் ஈடுசெய்யலாம். விளக்கைப் போடும்போது தோன்றி, அணைத்ததும் மறையும் பிழைக்கு அந்த வழி உதவாது.