குரோட்டன்ஸ்: நிறத்தைப் பார்க்குமுன் வெயிலைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்பஜார் காலிஃப் தெருச் சந்தைக்குப் பறவைகளையும் வண்ண மீன்களையும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் பலர். திரும்பும்போது சிலர் கையில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் அந்தச் செடி, வாடகை வீட்டுக் கூடத்தின் மூலையில் இடம் பிடிக்கும். சில மாதங்களில் புது இலைகள் முற்றிய பிறகும் பச்சையாகவே நிற்கும். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டில் முணுமுணுப்பு எழும்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. குறை வெளிச்சத்தில் இருக்கிறது. நல்ல வெயில் பட்டால்தான் இலையில் சிவப்பு ஊறும். நிழலில் வைத்தால் செடி பிழைப்பதற்காகப் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும், நிறம் மங்கிவிடும்.

ஆகவே செடி வாங்குமுன் வீட்டைப் பார்க்க வேண்டும். கிழக்கு அல்லது தெற்குப் பார்த்த பால்கனியில் தினம் மூன்று நான்கு மணி நேரம் வெயில் விழுமானால், அகன்ற இலையில் மஞ்சள், சிவப்பு நரம்புகள் ஓடும் 'பெட்ரா', முறுக்கிய இலை கொண்ட 'மம்மி' போன்றவற்றை வாங்கலாம். வெளிச்சம் சற்றுக் குறைவு என்றால் பச்சை இலையில் மஞ்சள் புள்ளி தெளித்த 'கோல்டு டஸ்ட்' மேல். வெயிலே எட்டாத அறைக்குக் குரோட்டன்ஸ் வேண்டாம். மணி பிளாண்ட் போதும்.

வங்காளிகள் இதைப் 'பாதாபாஹார்' என்கிறார்கள். 'பாதா' என்றால் இலை, 'பாஹார்' என்றால் அழகு. பேரம் பேசும்போது இந்தச் சொல் உதவும். செடியின் தாயகம் மலுக்குத் தீவுகள் முதலான கீழ்த்திசைப் பகுதி. 1753-ல் லின்னேயஸ் இதைக் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். பின்னர் தாவர நூலார் வேறு இனத்துக்கு மாற்றியும் பழைய பெயர் போகவில்லை. நம் ஆமணக்கும் மரவள்ளியும் இதே குடும்பம்தான். அவசரமில்லாதவர்கள், வில்லியம் கேரி 1820-ல் நிறுவிய, இப்போது ஆலிப்பூரில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வரலாம்.

கடையில் கொழுந்து பச்சையாக இருந்தால் தயங்க வேண்டாம். பல ரகங்களில் இலை முற்ற முற்றத்தான் சிவப்பு ஏறும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, மாவுப்பூச்சியும் சிலந்திப் பேனும் இல்லையா என்று பார்ப்பதே முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் சில இலைகள் உதிரும். இடம் மாறிய அதிர்ச்சிதான் அது. பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டினால் வேர் அழுகும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மழைக்காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமலும், மார்கழி, தை மாதங்களில் குளிர்காற்று நேரே அடிக்காமலும் காக்க வேண்டும். கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலில் அரிப்புண்டாக்கும்; வாயில் போகக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடமே நல்லது.

மாற்றல் உத்தரவு வந்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாதே என்று கவலை வேண்டாம். ஒரு சாண் நீளக் கிளையை வெட்டி, பால் உலர்ந்த பின் ஈர மணலில் நட்டால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். தொட்டி பக்கத்து வீட்டுக்கு. கன்று புதிய ஊருக்கு.