பூனைக்கு நடுகல் இல்லை

திருத்தணி மலைமேல் முருகன் சந்நிதிக்கு எதிரே ஒரு யானை நிற்கிறது. பெரும்பாலான கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்தபடி இருக்கும். இங்கே ஐராவதம் வெளியே பார்த்து நிற்கும். தெய்வானையைக் கட்டிக்கொடுத்தபோது இந்திரன் தன் யானையையும் சீராக அனுப்பிவைத்தானாம். யானை போனதிலிருந்து அவன் செல்வம் தேய்ந்தது. திருப்பித் தருகிறேன் என்று முருகன் சொல்லியும், ‘கொடுத்ததை வாங்க மாட்டேன், என் பக்கம் பார்த்தபடி நிற்கட்டும், அது போதும்’ என்றானாம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளுக்கு இந்தத் தலபுராணத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். செல்வம் போன கதையாகத்தான் சொன்னேன். இப்போது அது எனக்கு ஒரு பிராணியைப் பிரிந்தவனின் கதை.

எங்கள் வீட்டுச் சீனு மாசி மாதம் இறந்துபோனான். 14 வயது. செம்பட்டை நிறம், வாலில் மட்டும் வளையம் வளையமாகப் பட்டை. ஒரு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், பூக்காவடிகளைச் சாத்திவைத்திருந்த சுவரோரம் கத்திக்கொண்டிருந்த குட்டியை என் கணவர் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். அவர் காலமான பிறகு வீட்டில் நானும் சீனுவும்தான். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டும் சத்தம் கேட்டால் போதும், மொட்டைமாடியில் எந்த மூலையில் படுத்திருந்தாலும் இறங்கி வந்துவிடுவான். இன்றும் பாலைக் காய்ச்சும்போது அரை டம்ளரைத் தனியே எடுத்துவைத்துவிட்டு நிற்கிறேன்.

மனிதர் இறந்தால் நம் ஊரில் துக்கத்துக்கு ஒரு வழி உண்டு. வாசலில் சாமியானா போடுவார்கள். அடுத்த வீட்டிலிருந்து காபி வரும். பால் ஊற்றுவது, பதினாறாம் நாள் காரியம், மாதா மாதம் திதி என்று நாட்கள் நடத்திக்கொண்டு போகும். அழுகிறவரைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். பூனை செத்த வீட்டுக்கு இதில் எதுவும் இல்லை. சாயங்காலமே காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் விலை பேச வேண்டும். கண் சிவந்திருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்பவர்கள், காரணத்தைச் சொன்னதும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். “ஒரு பூனைக்குப் போயா டீச்சர்?” என்று என்னிடமும் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு வெளியே அழ முடிவதில்லை.

அமெரிக்காவில் துயரத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோகா 1989-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட துக்கத்தைத் தனி வகையாகவே எடுத்துச் சொன்னார். உலகம் ஒப்புக்கொள்ளாத துக்கம், ஊரறிய அழ உரிமை கொடுக்கப்படாத துக்கம். கருவிலேயே கலைந்த பிள்ளைக்கான அழுகையும் வளர்த்த பிராணிக்கான அழுகையும் இதில் அடங்கும். இழப்பு சின்னது என்று ஊர் நினைப்பதால் இப்படி அழுகிறவர்கள் தேறிவிடுவதில்லை. ஆறுதல் சொல்ல ஆள் இல்லாததால் இன்னும் நாளாகிறது. படித்தபோது யாரோ என் கையைப் பிடித்ததுபோல இருந்தது.

தமிழர்களுக்குப் பிராணிக்காக அழத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோயில் காளை செத்தால் மாலை போட்டு, மேளம் வைத்து, ஊரே கூடி அடக்கம் செய்கிறோம். 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடையின்போது சரிந்து விழுந்து இறந்தாள். அவளைக் கடைசியாகப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுப்பினார்கள். எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பக்கத்தில் அவனுடைய நாயும் அந்தக் கல்லில் நிற்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் இருந்த நாய். கோவிவன் என்று அதன் பெயரைக்கூட வெட்டிவைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்குக் கல் இருக்கிறது. நாய்க்கு உண்டு, சேவலுக்கு உண்டு. பூனைக்கு இப்படி ஒரு நடுகல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நான் பிறந்தது பொதட்டூர்பேட்டைப் பக்கம், தறிக்கார வீட்டில். பாவு நூலுக்குச் சோற்றுக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி வாசனைக்கே எலி வரும். ஓர் இரவு எலி புகுந்தால் ஒரு வாரக் கூலி போய்விடும். தறிக்குழிக்குள் சுருண்டு படுத்திருந்த பூனைதான் எங்கள் சோற்றைக் காத்தது. அப்படிக் காத்ததற்கு நாம் கொடுத்த பெயர் ‘குறுக்கே வந்தால் சகுனத்தடை’. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்ட மருமகளைச் சஷ்டி தண்டித்த கதையை அங்கே விரத நாளில் சொல்வார்கள். அந்தச் சஷ்டி யார் என்று தேடிப் பார்த்தால், மகாபாரதத்து வனபருவம் முருகனின் தேவி தேவசேனைக்கே சஷ்டி என்ற பெயரையும் சொல்கிறது. நம் மலைமேல் இருக்கும் தெய்வானைதான். அவள் ஊரில் இருந்துகொண்டு பூனைக்காக அழ நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பூனையை இழந்தவர்களை நோகடிப்பது அழுகையைவிட, ‘முன்பே கவனித்திருக்கலாமே’ என்ற எண்ணம். இதற்கு மருத்துவத்திலேயே பதில் இருக்கிறது. வயதான பூனைகள் பலவற்றைக் கொண்டுபோவது சிறுநீரக நோய். சிறுநீரகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அதுவரை பூனை சாப்பிடும், மதில் ஏறும், பல்லி பிடிக்கும். வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். காட்டில் வலியைக் காட்டிக்கொண்ட சின்ன பிராணி அடுத்ததற்கு இரையாகிவிடும். தண்ணீர் அதிகம் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுவது, இவைதான் முதல் அடையாளங்கள். 10 வயதைத் தாண்டிய பூனை வீட்டில் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்காதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு விஷம்.

சீனுவுக்கும் அந்த நோய்தான். அவனை மூடிபோட்ட பிரம்புக் கூடையில் வைத்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. சலைன் ஏற்றும் விதத்தை அங்கே கற்றுக்கொண்டேன். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அந்த இடைவெளிக்குள் ஊசியை இறக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க அங்கே ஒரு திமில் எழும்பும். கொஞ்ச நேரத்தில் அது வழிந்து முன்னங்காலுக்கு வந்து, ஒரு கால் மட்டும் பொம்மைக் கால்போல உருண்டு திரளும். பயந்துவிடக் கூடாது, இரவுக்குள் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். சீனு என் மடியில் அசையாமல் இருப்பான். அப்படிச் சில மாதங்கள் ஓடின.

பிறகு அவன் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்தினான். வாயில் புண். பால் பாக்கெட் சத்தத்துக்கும் எழவில்லை. டாக்டர் அனுப்பிவிடலாம் என்றார், நான் சரி என்றேன். முதலில் மயக்க ஊசி. அவன் என் கையில் தளர்ந்த பிறகு நரம்பில் மற்றொன்று. கண் திறந்தபடியே இருந்தது. பூனைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்தார். இதைக் கொலை என்று நினைத்து வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். தீராத வலியிலிருந்து விடுவித்தது கொலை ஆகாது. கடைசியாக நாம் செய்யும் பணிவிடை அது. நான் அதை முழு மனதோடு சொல்கிறேன்.

மலையடிவாரத்து மண்ணில் கல்தான் அதிகம். நகரியிலிருந்து இங்கே வாழ வந்த பக்கத்து வீட்டம்மா, “பில்லி போயிடுச்சா டீச்சரம்மா?” என்று பூனையைத் தெலுங்கில் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் மகனைக் கடப்பாரையோடு அனுப்பினார். அவன் நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் இடுப்பளவு ஆழம் தோண்டினான். ஆழம் முக்கியம். ஊசி போட்டு அனுப்பிய உடலில் மருந்து தங்கியிருக்கும். நாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகும். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளியே புதைக்க வேண்டும். பழைய வேட்டியில் சுற்றி வைத்து, பால் ஊற்றினேன், கற்பூரம் ஏற்றினேன். சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. செய்த பிறகு மூச்சு விட முடிந்தது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘பூனை ஓடிப்போச்சு’, ‘தூங்குது’ என்று சொல்லாதீர்கள். ஓடிப்போனது என்றால் தினமும் வாசலில் நிற்கும் குழந்தை. தூங்குகிறது என்றால் தானே தூங்கப் பயப்படும். செத்துப்போச்சு, இனி வராது என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பூப்போட விடுங்கள்.

என் வீட்டுக்கு அடுத்த வாரமே ஒருவர் குட்டியோடு வந்தார். அன்பில்தான் வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. போன உயிரின் இடம் நிரப்புவதற்கான காலி இடமில்லை. குட்டியைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பன்லியுகோபீனியா என்ற தொற்றில் இறந்த பூனையின் வீட்டில் அந்தக் கிருமி ஒரு வருஷம்வரைகூட உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத குட்டியை அங்கே கொண்டுவந்தால் அதையும் இழக்க நேரும். எப்போது வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரரே சொல்லட்டும்.

உங்கள் தெருவில் யாராவது பூனையையோ நாயையோ பறிகொடுத்தால், ஒரு தரம் நேரில் போய்வாருங்கள். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அதன் பெயர் என்ன, எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.