பூனை ஏன் தள்ளாடுகிறது?

பூனை தள்ளாடினால் பலரும் முதலில் காலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் காலில் அடிபட்ட பூனை நொண்டும். தள்ளாட்டத்தின் வேர் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தில் இருக்கும். கோளாறு எங்கே என்பதை ஆடும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். தலை ஒருபக்கம் சாய்ந்து, கருவிழி இடவலமாகத் துடித்தால் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பையோ அதன் நரம்பையோ சந்தேகிக்கலாம். குட்டி நடக்கத் தொடங்கியதிலிருந்தே கால்களை அகட்டி வைத்து ஆடி, பால் தட்டை நெருங்கும்போது தலையும் நடுங்கினால், சிறுமூளை சரியாக வளரவில்லை என்று கொள்ளலாம். தாய் சினையாக இருந்தபோது பேன்லுகோபீனியா வைரஸ் தாக்கியிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். இது முற்றுவதில்லை, அந்தப் பூனை ஆடி ஆடியே முழு ஆயுளும் வாழ முடியும்.

‘வயசாயிடுச்சு, அதான்’ என்று சொல்லிவிடுவது சுலபம். மூட்டு தேய்ந்த கிழப்பூனை விறைப்பாக நடக்கும், அலமாரி மேல் தாவத் தயங்கும்; திடீரென்று ஒருபக்கமாகச் சரியாது. ‘ஒரு நாள் பார்ப்போமே’ என்பதும் ஆபத்து. நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரினைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. அது பூனையின் மேல் பட்டால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வலிப்பும் வரலாம். இதய நோயால் உருவான இரத்தக்கட்டி பின்கால்களுக்குப் போகும் தமனியை அடைத்தால், பூனை வலியில் அலறும், பாதம் சில்லிட்டுப் போகும். நடையைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்; மருத்துவமனை மேசையில் பூனை பெரும்பாலும் நடந்துகாட்டாமல் பதுங்கிக்கொள்ளும்.