ஏட்டுக்குள் இருக்கும் காடு

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன், அந்த மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி எழுதிய குறிப்புகள் 1949இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. இதுபோன்ற பழைய பக்கங்கள் ஆறு கோடிக்கும் மேல் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. ஆயுள் முழுக்க உட்கார்ந்து படித்தாலும் ஒருவரால் முடிக்க முடியாது. அதனால் உயிரினப் பெயர்களைத் தேடும் வேலையை நிரல்கள் செய்கின்றன.

அறிவியல் பெயருக்கு ஒரு சாயல் உண்டு. லத்தீன் வடிவில் இரண்டு சொற்கள். முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், அடுத்தது முழுக்கச் சிறிய எழுத்து. அந்தச் சாயல் கண்ணில் பட்டதும் நிரல் அகராதியோடு ஒப்பிடும், அக்கம்பக்கச் சொற்களையும் எடைபோடும். அச்சு மங்கியிருந்தால் தடுமாறும். 'சலீமலியை' (salimalii) என்ற பெயரின் இறுதியில் இரட்டையாக நிற்கும் 'i' எழுத்து, கணினிக்கு 'u' ஆகத் தெரிந்துவிடலாம். அத்தகைய வழக்கமான பிழைகளையும் சேர்த்தே நிரலைப் பழக்க வேண்டும்.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. 'மதுரா ஜில்லா, ஹைவேவி மலை' என்று அன்று எழுதியது இன்றைய தேனி மாவட்டத்து மேகமலை. ஹட்டன் பிடித்த குழிவிரியனுக்கு மால்கம் ஸ்மித் 1949இல் பெயரிட்டார்; பின்னர் அது வேறு பேரினத்துக்கு மாறியது. ஊரின் இரு பெயரும் பாம்பின் இரு பெயரும் ஒன்றே என்று இணைத்தால்தான் அந்தத் தகவல் பயன்படும். இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான்.

நிரல்களின் வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1948இல் ஹட்டன் பிடித்த ஒரு வௌவால், சாதாரணக் குறுமூக்குப் பழ வௌவால் என்ற பெயரில் பம்பாய்க் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. பின்னர் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை உற்றுப் பார்த்தார். வால் இல்லை, கீழ்த்தாடையில் இருக்க வேண்டிய இரண்டு ஜோடி வெட்டுப்பற்களில் ஒன்றுதான் இருந்தது. அது ஒரு புதிய பேரினம்! 1972இல் அதற்குப் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

எழுதியிருப்பதை மட்டுமே நிரல் எடுத்துத் தரும். தவறான பெயரென்றால் அதையும் அப்படியே தரும். அதனால்தான் கட்டுரையில் வரும் மாதிரியின் அருங்காட்சியக எண்ணையும் பிரித்தெடுப்பது முக்கியம் என்கிறேன். நாளை ஒருவர் பெட்டியைத் திறந்து பெயரைத் திருத்தினால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய பதிவுகள் அத்தனையையும் திருத்திவிடலாம்.