கரையும் சாரம், வளரும் இரத்தக்குழாய்

பத்தாம் வகுப்பில் சுற்றோட்ட மண்டலம் நடத்தும்போது பைபாஸ் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தவறாமல் வரும். காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இதயத்தில் பொருத்துவார்கள் என்று சொன்னேன். "அதுக்குப் பதிலா பிளாஸ்டிக் குழாய் வைக்கலாமே சார்?" என்றான் ஒருவன். பக்கத்திலிருந்த மாணவி, "சின்னக் குழந்தைக்கு வச்சா, அது வளர்ந்ததும் குழாய் பத்தாதே" என்றாள். மருத்துவ ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக வாட்டிவரும் சிக்கல் இதுதான்.

1950களிலிருந்தே செயற்கை இழைக் குழாய்கள் பயன்பாட்டில் உள்ளன. பெருந்தமனி போன்ற அகன்ற குழாய்களுக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் உள்ளே இரத்தம் உறைந்து எளிதில் அடைத்துக்கொள்கிறது. மேலும், செயற்கைக் குழாய் உடலோடு சேர்ந்து வளராது. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று இதயக் குறையுடன் பிறக்கிறது. அவர்களில் குழாய் பொருத்தப்படும் சிலருக்கு, வளர வளர மீண்டும் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய நேரிடுகிறது. நம் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் இதயக் குறையுள்ள மாணவர்களையும் கண்டறிந்து அனுப்புகிறார்கள். ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

இதற்கான தீர்வுகளில் ஒன்று, கரையும் சாரம். கட்டடம் எழும்பச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். அதுபோல நுண்துளைகள் நிறைந்த ஒரு குழாயை உடலில் வைத்தால், செல்கள் அதில் படர்ந்து புதிய சுவரைக் கட்டும். சாரம் மெல்லக் கரைந்துபோகும். லாங்கர், வக்கான்டி என்னும் இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1993இல் எழுதிய கட்டுரை இத்துறைக்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத் தந்தது.

சாரத்துக்குரிய பொருள்கள் பாலிகிளைகாலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம், பாலிகேப்ரோலாக்டோன் போன்றவை. மூன்றும் எஸ்டர் பிணைப்பு கொண்ட பலபடிகள். உடலிலுள்ள நீர் அப்பிணைப்புகளை உடைக்கிறது. பாலிலாக்டிக் அமிலம் உடைந்தால் கிடைப்பது லாக்டிக் அமிலம். வேகமாக ஓடும்போது நம் தசையில் உண்டாவதும், தயிரில் இருப்பதும் அதுவே. அறுவைக்குப் பின் தானாகக் கரையும் தையல் நூலுக்கும் பாலிகிளைகாலிக் அமிலம் பயன்படுகிறது.

இதில் மிகக் கடினமானது காலக்கணக்கு. கான்கிரீட் இறுகுமுன் சென்ட்ரிங்கைப் பிரித்தால் கூரை இறங்கிவிடும். அவ்வாறே சாரம் முந்திக் கரைந்தால் குழாய் வீங்கி வெடிக்கலாம். நெடுநாள் தங்கினால் அழற்சி நீடிக்கலாம். பாலிகிளைகாலிக் அமிலம் சுமார் ஒரு மாதத்தில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. பாலிகேப்ரோலாக்டோன் முழுதும் கரைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். எனவே இவற்றைக் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

1999இல் டோக்கியோவில் ஷினோகா குழுவினர், நுரையீரல் தமனிக் கிளை அடைபட்ட நான்கு வயதுச் சிறுமிக்கு இத்தகைய குழாயைப் பொருத்தினர். அவளுடைய சிரையிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்துச் சாரத்தில் விதைத்து, பத்து நாள் கழித்து வைத்தனர். பிறகு எலும்பு மஜ்ஜைச் செல்களைக் கொண்டு 25 பேருக்குச் செய்தனர். குழாய் வெடித்து யாரும் இறக்கவில்லை. சிலருக்குக் குழாய் சுருங்கியது. இதே முறையைப் பின்பற்றிய அமெரிக்கச் சோதனையிலும் சுருக்கம் தென்பட்டதால் அது இடையில் நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் வரும் சுருக்கம் பெரும்பாலும் தானாகவே சரியாகிறது என்று 2020இல் செம்மறி ஆடுகளில் கண்டறிந்தனர்.

எலிகளில் நடந்த ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. விதைத்த செல்கள் சில நாள்களில் மறைந்துவிட்டன. புதிய சுவரைக் கட்டியவை உடலின் சொந்தச் செல்கள். விதைத்தவை அவற்றை அழைத்து வந்ததோடு சரி.

2024 டிசம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ஒரு குழாய் வேறு வகை. கரையும் வலையில் தசைச் செல்களை வளர்த்து, பின் செல்களை நீக்கிப் புரதக் குழாயை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கை கால் தமனி சிதைந்த பெரியவர்களுக்கு அது பயன்படுகிறது.

பிற திசுக்களிலும் இம்முறை முயலப்பட்டுள்ளது. சாரத்தில் வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவை ஏழு இளம் நோயாளிகளுக்குப் பொருத்திய செய்தி 2006இல் வெளிவந்தது. ஆனால் ஒரு செல், தந்துகியிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் இருந்தால் அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது. கல்லீரல் போன்ற பருமனான உறுப்பை வளர்க்க முடியாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

வகுப்பறையில் இதைக் காட்டப் பீர்க்கங்கூடு போதும். நனைத்து, கடுகு தூவி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வையுங்கள். வேர்கள் நாரின் இடைவெளிகளில் நுழைவதை மாணவர்கள் காண்பார்கள். துளையே இல்லாத பிளாஸ்டிக் மூடியிலும் தூவி ஒப்பிடச் சொல்லுங்கள். கூடு கரையாது என்பதே இம்மாதிரியின் குறை. அதை மாணவர்களையே கண்டுபிடித்துச் சொல்ல விடலாம்.

ஒரு வேண்டுகோள். "இனி எல்லா உறுப்பையும் வளர்த்துவிடலாம்" என்று ஆர்வத்தில் சொல்லிவிட வேண்டாம். இதய அறுவைக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று நம் வகுப்பிலேயே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். நடந்தது எது, நடக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்வதே அப்பிள்ளைக்கு நாம் செய்யும் நேர்மை.