ஒரு பொம்மையும் இரு சகோதரர்களும்

‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பதும் நம்மவர் சொன்னதே. இவ்விரண்டில் எது மெய் என்று என் மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. இரண்டும் மெய்யே. ஒரு தாய் வயிற்றில் பிறந்துவிட்டதனால் மட்டும் இருவர் நண்பர்கள் ஆகிவிடுவதில்லை. உடன்பிறப்பு இயற்கை தருவது. நட்போ நாம் வளர்க்க வேண்டிய பயிர். அப்பயிர் எவ்வாறு வளர்கிறது என்பதை, உலகம் அறிந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

வில்பர் ரைட் 1867-ஆம் ஆண்டிலும், ஆர்வில் ரைட் 1871-ஆம் ஆண்டிலும் அமெரிக்க நாட்டில் பிறந்தார்கள். தந்தை மில்டன் ரைட் ஒரு பிஷப். திருச்சபைப் பணிக்காக அடிக்கடி வெளியூர் செல்பவர். 1878-ஆம் ஆண்டில் ஒரு நாள் பயணத்திலிருந்து திரும்பிய அவர், கைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து, மைந்தர் இருவரையும் நோக்கி மேலே விடுத்தார். அது கீழே விழவில்லை. கூரை வரையில் பறந்து சென்று முட்டி, சற்றே படபடத்து, பின்னரே இறங்கிற்று. மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் செய்து, முறுக்கிய ரப்பரின் விசையால் பறக்கும்படி அமைத்த விளையாட்டுப் பொருள் அது. சிறுவர்கள் அதற்கு ‘வௌவால்’ என்று பெயரிட்டார்கள்.

பொம்மை விரைவில் உடைந்தது. சிறுவர்களோ அழுதுகொண்டு நிற்கவில்லை. தாமே அதைப்போல் செய்யத் தொடங்கினார்கள். மேலும் மேலும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். பெரிதாக ஆக ஆக அது பறக்க மறுத்தது. ஏன் என்பது அன்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் இருவர் உள்ளத்திலும் ஒரே கேள்வி குடிபுகுந்தது.

அவர்களுடைய அன்னை சூசன், வண்டி செய்பவரின் மகள். கருவிகளைக் கையாள்வதில் வல்லவர். பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்து தந்தவர். வீட்டிலே நிறைய நூல்கள் இருந்தன. பெற்றோர் செய்த மிகப் பெரிய நன்மை யாது? கேள்வி கேட்பதையும், பொருளைப் பிரித்துப் பார்ப்பதையும் அவர்கள் குற்றமாகக் கருதவில்லை. தம் பொம்மைகள் பெரும்பாலும் இருவருக்கும் பொதுவாகவே இருந்தன என்று வில்பர் 1912-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார்.

இதைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு புதல்வர்கள். அவர்கள் சிறுவராயிருந்தபோது தபால்தலை சேகரிக்கும் பழக்கத்தை ஊட்ட எண்ணி, ஆளுக்கொரு ஆல்பம் வாங்கிக் கொடுத்தேன். அதோடு நில்லாமல், வாரந்தோறும் இரண்டையும் எண்ணிப் பார்த்து, “அண்ணனைப் பார்” என்று இளையவனிடம் சொல்லி வந்தேன். ஒரு நாள் இளையவன், அண்ணனின் ஆல்பத்திலிருந்து ஒரு பக்கத்தையே கிழித்துவிட்டான். அவனை அடித்தேன். அதன் பின் சகோதரர் இருவரும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை. ஆயிரம் மாணவர்களை நெறிப்படுத்தியதாகப் பெருமை கொண்டிருந்தவன், என் வீட்டுத் திண்ணையில் தோற்றேன். கிழித்தது அவன் கை. கிழிக்கத் தூண்டியது என் நாக்கு.

பின்னர் ஆல்பம் ஒன்றாயிற்று. உறையிலிருந்து தபால்தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்து உலர்த்துவது இளையவன் வேலை. நாட்டின் பெயரை அறிந்து உரிய பக்கத்தில் வைப்பது மூத்தவன் வேலை. நானும் அருகில் அமர்ந்தேன்; ஆனால் எண்ணுவதை விட்டுவிட்டேன். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிற்று.

ரைட் சகோதரர்களிடத்தும் இவ்வேலைப் பங்கீட்டைக் காணலாம். 1889-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சிறு செய்தித்தாள் நடத்தினார்கள். இளையவர் ஆர்வில் பதிப்பாளர். மூத்தவர் வில்பர் ஆசிரியர். 1892-இல் இருவரும் சேர்ந்து மிதிவண்டிக் கடை தொடங்கினார்கள். அக்கடையின் வருவாயே பிற்காலத்தில் அவர்களுடைய விமான ஆராய்ச்சிக்கு உதவிற்று. 1901-ஆம் ஆண்டில் ஒரு மரப்பெட்டிக்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறகு மாதிரிகளைச் சோதித்தார்கள்.

அவர்கள் சண்டையிடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உரக்கவே வாதிட்டார்கள். சில வேளைகளில் வாதம் முற்றி முடியும்போது, அண்ணன் தம்பியின் கட்சிக்கும், தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்களாம்! அவர்கள் போராடியது பொருளைப் பற்றி, ஒருவரையொருவர் வெல்வதற்கன்று. இவ்வேறுபாட்டை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

1903 டிசம்பர் 14-ஆம் நாள், முதலில் யார் பறப்பது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். வில்பருக்கு வாய்ப்புக் கிடைத்தது. முயற்சி தவறிப் பொறியும் சற்றே பழுதுற்றது. பழுது நீக்கியபின், 17-ஆம் நாள் ஆர்விலின் முறை. 12 வினாடியில் 120 அடி பறந்தார். அதே நாளில் நான்காம் முறையாக வில்பர் 59 வினாடியில் 852 அடி பறந்தார். முதற் புகழ் தம்பிக்குப் போயிற்றே என்று அண்ணன் வருந்தியதாக வரலாறு இல்லை. உலகமும் அவர்களை ‘ரைட் சகோதரர்கள்’ என்று ஒரே பெயராலேயே அழைக்கிறது.

விபத்து நேர்ந்தால் இருவரையும் ஒருங்கே இழக்க நேரிடுமே என்று அஞ்சிய தந்தை, இருவரும் சேர்ந்து பறத்தலாகாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இசைவு பெற்று, 1910 மே 25-ஆம் நாள் ஒரே ஒரு முறை இருவரும் சேர்ந்து பறந்தார்கள். அன்றே, 81 வயதான அத்தந்தையையும் ஆர்வில் வானில் ஏற்றிச் சென்றார். என்றோ ஒரு மாலை அவர் கையிலிருந்து பறந்த பொம்மை, 32 ஆண்டுகளுக்குப் பின் அவரையே சுமந்து பறந்தது!

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அண்ணனோ தம்பியோ, அக்காளோ தங்கையோ இருக்கலாம். அவர்களோடு செய்வதற்கு ஒரு வேலையை இன்றே தேர்ந்துகொள்ளுங்கள். தோட்டமாகட்டும், பட்டமாகட்டும், பழைய மிதிவண்டியைப் பழுது பார்ப்பதாகட்டும். அது ஒன்றாக இருக்கட்டும், இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். நாளை நீங்கள் பெற்றோராகும்போது, பிள்ளைகளை ஒருவரோடொருவர் நிறுத்துப் பார்க்காதீர்கள். தராசைத் தூக்கும் வீட்டில் நட்பு வளராது.